சர்வேயர் மேசைக்கு ஒரு விரிப்பு

மலையில் உள்ள அரியூர் நாட்டு மகளிர் குழுக் கட்டடத்தில் அந்த வெள்ளிக்கிழமை காலை இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: திண்டுக்கல்லிலிருந்து வந்து தையல் சொல்லிக்கொடுக்கும் பிரிசில்லா டீச்சர், கற்றுக்கொள்ள வந்த கலைச்செல்வி, கோகிலா, சாமியாத்தாள், கலைச்செல்வியின் மாமனார் அண்ணாமலை, அண்ணாமலையின் மறைந்த மனைவிக்குத் தம்பி காளியண்ணன். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. மேசையைச் சேர்க்க வேண்டும். அது அண்ணாமலையின் வீட்டு மேசை.

அதைச் சாதாரண மேசை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அண்ணாமலையின் அப்பா காலத்தில் மலைக்கு நிலம் அளக்க வந்த சர்வேயர், அடிவாரக் காரவள்ளியிலிருந்து நான்கு பேர் தோளில் ஏற்றி அதைக் கொண்டுவந்தார். அரியூர் நாட்டு வயலும் வரப்பும் அந்த மேசைமேல்தான் காகிதத்தில் இறங்கின. வேலை முடிந்து கீழே போகும்போது அதை அண்ணாமலையின் அப்பாவுக்கு மரியாதை செய்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவர்கள் மேசைக்காரர் வீடு. அந்த மேசைமேல் ஒருவரும் சோறு வைத்துத் தின்றதில்லை. கல்யாணப் பத்திரிகை வைப்பார்கள், பத்திரம் வைப்பார்கள், அவ்வளவுதான்.

பயிற்சி என்னவோ மேசை விரிப்புத் தைப்பதற்கு. மலைமேல் புதிதாக வந்த லாட்ஜுக்கு விரிப்பும், மேசை நடுவில் நீளவாக்கில் போடுகிற ரன்னர் என்ற பட்டையும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மூன்று பெண்களில் கலைச்செல்வி வீட்டைத் தவிர யார் வீட்டிலும் மேசை கிடையாது. விரிப்புத் தைக்க ஆரம்பித்த முதல் வாரம் தைத்ததைத் தரையில் விரித்துப் பார்த்தார்கள். தரையில் விரித்தால் தொங்கல் தெரியாது. "ரன்னருன்னா ஓடும்னு நெனச்சேன், இது படுத்தே கெடக்குது" என்றாள் சாமியாத்தாள். அண்ணாமலை காதுக்கு இது எட்டியது. மருமகள் படிக்கிற இடத்தில் மேசை இல்லை என்ற சொல் வரக் கூடாதென்று, காளியண்ணனை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி மேசையைத் தூக்கி வந்து போட்டார்.

டீச்சர் நன்றி சொன்னார். டேப்பை எடுத்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார். பிறகு ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்தார். மற்ற இரண்டு மூலைக்கும் இழுத்தார். டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் இழுத்தார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த மூலைக்கு அந்த மூலை எழுபத்திரண்டு இஞ்ச். இப்படிப் பார்த்தா அறுபத்தெட்டு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். மேசை கோணல்."

அண்ணாமலை எழுபது வயதிலும் முதுகு வளையாதவர். உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னும் நிமிர்ந்தார்.

"டேப்பு கோணலா இருக்குமுங்க."

"டேப் எப்படிங்கய்யா கோணலாகும்?"

"கீழிருந்து வந்ததுதானுங்களே. மலைக்காத்து ஒத்துக்காம இழுத்துக்கிட்டிருக்கும்."

டீ குடித்துக்கொண்டிருந்த காளியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க மச்சான், ஒரு சந்தேகம். மேசை கோணல்னா அதுமேல வெச்சு எழுதுன மேப்பும் கோணல்தானுங்களே?"

"யாரு சொன்னது?"

"மேப்பு கோணல்னா நம்ம ரெண்டு பேரு வரப்பும் கோணல். வரப்பு கோணல்னா உங்க பலாமரம் எம்பட காட்டுலயல்ல நிக்குது!"

"முப்பது வருசமா பழத்தைத் தின்னுபோட்டு, மரம் எங்க நிக்குதுன்னு இன்னிக்குத்தான் பாக்கறியா?" என்றாள் சாமியாத்தாள்.

"நான் எங்க சொன்னேன் அக்கா? டேப்பு சொல்லுது."

பொழுது சாய்வதற்குள் அரியூர் நாட்டில் பதினோரு வரப்புகள் சந்தேகத்துக்கு வந்துவிட்டன. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள், இது யார் கிழங்கு என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். ஒருவர் தன் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, "நான் இப்ப யாரு எடத்துல நிக்கறேன்?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். 

மறுநாள் அண்ணாமலை சலவைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்கு வந்தார். காளியண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்.

"மாப்ளே, இந்த மேசைக்கு ஒரு விரிப்பு, நாலு பக்கமும் ஒரே தொங்கல்ல விழுந்தா மேசை சரின்னு ஒத்துக்கறியா?"

காளியண்ணன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. "ஒத்துக்கறனுங்க. விழலீன்னா மரம் எனக்கு."

"ஐயா, கோணல் மேசைக்குக் கோணலாவே வெட்டித் தைச்சா விழத்தானே செய்யும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், இது எங்க குடும்பப் பேச்சுங்க" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டீச்சருக்கும் சுருக்கென்றது. தன் வகுப்பில் யாராவது கோணல் விரிப்புத் தைத்தால் அவர்களுக்குச் சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லிவிட்டார். கலைச்செல்வி மாமனார் முகத்தைப் பார்த்தாள். சர்டிபிகேட் இருந்தால்தான் லாட்ஜ் வேலை. அதற்காக அவள் மூன்று மாதமாக விடியலில் மாட்டு வேலை முடித்துவிட்டு ஓடி வருகிறாள்.

"நீ தைக்க வேண்டாம் சாமி, நானே தைச்சுக்கறேன்" என்றார் அண்ணாமலை மருமகளிடம்.

பெண்கள் பயிற்சியில் ஆண்களைச் சேர்க்க முடியாது என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். தான் கற்றுக்கொள்ள வரவில்லை, மேசைக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதாக அண்ணாமலை பதில் சொன்னார். மேசைக்குத் துணை இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே அவர் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் சாப்பிடப் போகிற மதிய நேரத்தில் எழுந்து தையல் மிஷினில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்து, பாபினில் அடிநூல் சுற்றி, மிஷின் தயாராக இருக்கும். யார் அப்படி வைத்துவிட்டுப் போனது என்று அவர் கேட்கவில்லை. கலைச்செல்வியும் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் மிதித்ததில் சக்கரம் பின்னால் சுற்றியது. நூல் அடியில் காக்கைக் கூடு கட்டியது. இரண்டாம் நாள் நேராக ஓடியது. மூன்றாம் நாள், அலசிக் காயவைத்த துணியை மேசைமேல் போட்டு, மேசை விளிம்பையே அளவாக வைத்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் தொங்கலும் மடிப்புக்கு இரண்டு விரலும் விட்டு, சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்து வெட்டினார். ஓரத்தை மடித்துத் தைத்தபோது நீளப் பக்கம் ஒழுங்காக வந்தது. அகலப் பக்கம் இரண்டும் அப்பளம் போல அலையடித்தன.

அன்றைக்கென்று டீச்சர் சீக்கிரம் வந்துவிட்டார். அண்ணாமலை பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் கைகழுவிக்கொண்டிருந்த கோகிலாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "இழை ஓட்டத்துக்கு மாறா வெட்டின ஓரத்தை இழுத்துப் பிடிச்சுத் தைக்கவே கூடாது கோகிலா. அதும்பாட்டுக்கு விடணும். முதல்ல கையால பெருந்தையல் போட்டு, ஈரத்துணி வச்சு இஸ்திரி போட்டு, அப்புறம்தான் மிஷின்ல வைக்கணும்."

"நான் எதையும் தைக்கலீங்களே டீச்சர்."

"சும்மா கேட்டு வச்சுக்க."

அண்ணாமலை பிரித்து, பெருந்தையல் போட்டு, இஸ்திரி போட்டுத் தைத்தார். அலை அடங்கியது.

மூலைகள்தான் மிச்சம். நல்ல விரிப்புக்கு மூலையில் துணி மொத்தையாக நிற்கக் கூடாது. இரண்டு ஓரமும் ஒரு சாய்ந்த கோட்டில் சந்தித்து, உள்ளே பிசிறு தெரியாமல் படிய வேண்டும். அதற்கு டீச்சர் ஒரு காகித அச்சு வெட்டி ஆணியில் மாட்டியிருந்தார். அண்ணாமலை அதை முதல் மூலையில் வைத்து மடித்தார். ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இரண்டாம் மூலையில் வைத்தார். ஒரு நூல் இடைவெளி விட்டு விலகி நின்றன. மூன்றாவதில் ஏறின. நான்காவதில் விலகின.

காகிதத்தைத் திருப்பிப் போட்டார். புதிதாக ஒன்று வெட்டினார். தன் கையால் வெட்டியதும் அதையே சொன்னது. டேப் கீழ்நாட்டுப் பொருள், பொய் சொல்லலாம். விரலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அவருடைய சொந்த விரல். ஏறிய மூலையைத் தடவினார், விலகிய மூலையைத் தடவினார். மேசையைப் பார்த்தார். மேசை, அப்பா வைத்த இடத்தில் நிற்பது போலவே, நான்கு காலும் ஊன்றி நின்றது.

 பிறகு கத்தரியை எடுத்து இரண்டு அச்சு வெட்டினார், ஒன்று ஒடுங்கியது, ஒன்று விரிந்தது. அதை வைத்து நான்கு மூலையும் பிசிறில்லாமல் முடித்தார். இரண்டு காகிதத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். 

வியாழக்கிழமை ஊரே வந்தது. பதினோரு வரப்புக்காரர்களும் வந்தார்கள். பெண்கள் தைத்ததைப் பார்த்து எடுப்பதற்காக லாட்ஜ் மேனேஜர் ஓம்பிரகாஷும் அன்றைக்கு வந்திருந்தார். என்ன கூட்டம் என்று அவருக்குப் புரியவில்லை. தனக்கான வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார்.

அண்ணாமலை விரிப்பைப் போட்டார். காளியண்ணன் ஒரு மூங்கில் குச்சியைச் சாண் அளவுக்கு நறுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலும் இரண்டு கோடியிலும் குச்சியை வைத்துப் பார்த்தார். குனிந்து பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். பன்னிரண்டு இடத்திலும் ஒரே தொங்கல்.

"சரிதானுங்க மச்சான். மேசை மேல குத்தமில்லை."

மாட்டுக் கொட்டகைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரப்புகளெல்லாம் பழைய இடத்துக்குப் போயின.

"விரிப்பு அருமைங்க" என்றார் ஓம்பிரகாஷ். "இதுமேல ரன்னரையும் போட்டுக் காட்டுங்க."

ரன்னர் கலைச்செல்வி தைத்தது. அதுதான் அவள் தேர்வுக்கான துணி. நூல் உருவி, இழை பார்த்து, நான்கு மூலையும் நறுக்கென்று நிற்கத் தைத்திருந்தாள். அவள் அதை மேசை நடுவில் நீளவாக்கில் போட்டாள். இந்தக் கோடியில் இடது பக்கம் ஒரு பெருவிரல் இறங்கி நின்றது. அந்தக் கோடியில் வலது பக்கம் இறங்கியது. இழுத்துச் சரிசெய்தாள். கோடி சரியானது, இப்போது ரன்னர் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது.

காளியண்ணன் மூங்கில் குச்சியை மறுபடி கையில் எடுத்தார்.

"இதுல எதுங்க கோணல்?" என்று கேட்டார் ஓம்பிரகாஷ். "ரன்னரா, மேசையா?"

 ரன்னர் என்றால் மருமகளுக்குச் சர்டிபிகேட்டும் இல்லை, லாட்ஜ் வேலையும் இல்லை. மேசை என்றால் அப்பா பெயரும் இல்லை, பலாமரமும் இல்லை. இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து. அண்ணாமலை மருமகளைப் பார்த்தார். 

"என்ற தையல்தானுங்க..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சும்மா இரு சாமி. உன்ற தையல்ல ஒண்ணும் இல்லை. போட்ட விதம் தப்பு."

அண்ணாமலை ரன்னரை எடுத்தார். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காகப் போட்டார். எந்த மூலை என்று அவர் தயங்கவே இல்லை. குட்டையான குறுக்கு எது என்று கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு முனையும் மேசை மூலையில் மடிந்து ஐந்தைந்து இஞ்ச் ஒன்றுபோல இறங்கின. எதற்கு எது கோணல் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"எங்க ஊட்டுல ரன்னரை மூலைக்கு மூலைதான் போடறதுங்க."

"உங்க ஊட்டுல ரன்னர் எப்ப இருந்துச்சு அண்ணா?" என்றாள் சாமியாத்தாள்.

"இருந்திருந்தா இப்படித்தான் போட்டிருப்போம்."

காளியண்ணன் மேசையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். அது அவர் அக்காளைக் கட்டிக்கொடுத்த வீடு. அந்த வீட்டு வழக்கத்தைச் சபையில் கேள்வி கேட்டால் அது தன் வீட்டுக்கும்தான் தலைக்குனிவு. குச்சியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

"வழக்கம்னா வழக்கந்தானுங்க. எங்கக்கா இருந்தா அதும் இதையேதான் சொல்லியிருக்கும்."

பிரிசில்லா டீச்சர் டேப்பைக் கையில் எடுத்தார். மேசையைப் பார்த்தார். கலைச்செல்வியைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். ஓம்பிரகாஷ் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். இது மலை மேல் இருக்கிற பழைய முறையா என்று கேட்டார். பழைய முறைதான் என்றார் காளியண்ணன். லாட்ஜில் பன்னிரண்டு மேசைக்கும் இதே மாதிரி குறுக்காகப் போட வேண்டும் என்றார் மேனேஜர். நீளம் கூடுதலாகத் தைக்க வேண்டும் என்று கலைச்செல்வி உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மேசை வீட்டுக்குத் திரும்பியது. மறுமுனையைக் காளியண்ணனே பிடித்தார்.

மேசை கோணலாக இருப்பதை மறைக்கத்தான் மேசைக்காரர் வீட்டில் ரன்னரைக் குறுக்கே போடுகிறார்கள் என்று பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அது பொய். அது அந்த வீட்டு வழக்கம். போன ஆனி மாதத்திலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை.