கட்டடம் கேட்ட திருத்தம்

அந்த நாளிதழின் தலைமை அலுவலகம், தவறான செய்தி அச்சான நாளில் ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கும்; திருத்தம் வெளிவந்த காலையில் பழைய உயரத்துக்கு வந்துவிடும். ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. பால் வாங்கப் போகிறவர்கள் வாசற்படியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எவனோ புளுகியிருக்கான்" என்று சொல்லியபடி நடப்பார்கள்.

மூன்று மாடி, செங்கல் சுவர், நடுவில் வளைந்தேறும் மரப்படிக்கட்டு. வடக்கு ஜன்னல்கள், அச்சுக்கோர்ப்பவர்களின் கைமேல் நிழல் விழாத உயரத்தில் இருந்தன. அங்கே இருபத்தோரு வருடமாகப் பிழை திருத்தியவளைக் காற்புள்ளி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் கைக்குப் போன விடுப்புக் கடிதம்கூட ஒரு காற்புள்ளி கூடாமல் திரும்பியதில்லை. அந்தக் கட்டடத்தில் வேலை என்று சொல்லும்போது மட்டும் அவள் முதுகு தானாக நிமிரும்.

ஆனால் திருத்தங்கள் ஒன்றுவிடாமல் வெளிவந்தும் கட்டடம் வருடத்துக்கு ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டாவது வருடத்தில், தரைத்தளத்து ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் செருப்புகள்தான் தெரிந்தன. பொறியாளர் வந்து பார்த்து, மாதக் கடைசிக்குள் இடித்துவிடச் சொன்னார். முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

எங்கோ ஒரு பொய் திருத்தப்படாமல் கிடக்கிறது என்று காற்புள்ளிக்குத் தோன்றியது. பழைய இதழ்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தாள். பத்தொன்பதாம் நாள், இந்தக் கட்டடத்தில் அச்சான முதல் இதழின் முதல் பக்கம் வந்தது: 'கட்டடத்தை வரைந்தவர் நம் நிறுவனரே.' பத்திரப் பெட்டியில் இருந்த வரைபடங்களிலோ, ஒவ்வொரு மூலையிலும் அச்சுக்கோர்க்கும் பெண்ணொருத்தியின் கையெழுத்து.

"ஏம்மா, எங்கப்பா பொய் சொன்னாருன்னு எங்க பேப்பர்லயே போடணுமா?" என்றார் முதலாளி.

"பொய்னு எதுக்கு சார்? தவறுதலான்னு போடுவோம். எல்லாருக்கும் அப்படித்தானே போடறோம்."

"ஊர் சிரிக்கும்."

"ஒரு நாள் சிரிக்கும். இடிச்சுட்டா என்ன சார் மிச்சம்?"

"சரி, உள்பக்கத்துல, மூலையில, பொடி எழுத்துல போடு."

"தப்பு வந்த பக்கத்துல, அதே அளவு எழுத்துலதான் திருத்தம் வரணும். உங்கப்பா போட்ட சட்டம்தான் சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவரே பேனாவை எடுத்து நான்கு வரி எழுதினார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன, காற்புள்ளி திருத்தினாள்.

மறுநாள் காலை இதழ் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டடம் எழத் தொடங்கியது. ஐம்பத்தெட்டு வருட மண்ணை உதறிவிட்டு, பழைய உயரத்தைத் தொட்டும் நிற்காமல், தரைக்கு மேலே ஒரு முழம் அந்தரத்தில் போய் நின்றது. பொறியாளர் வரைபடத்தை மறுபடி விரித்தார். அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் வெள்ளையாக விட்டிருந்தாள் அதை வரைந்த அச்சுக்கோர்க்கும் பெண். இத்தனை காலமும் அதைக் கைப்பிசகு என்றே நினைத்திருந்தார்கள். அளவு சரியாக இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்தார். வாசலுக்குப் புதிதாக இரண்டு படிகள் கட்டினார்கள். மழை நாட்களில் பேப்பர் போடுகிறவர், நனையாமலிருக்கத் தன் கட்டுகளைக் கட்டடத்துக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்கிறார்.