ஆங்கிலத்தில் எழுதிய மூன்று ஏக்கர்

பிரவின்குமாருக்கு வயது முப்பத்திரண்டு. ஏழு இடத்தில் பெண் கேட்டு ஏழும் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை கண்ணும் மூக்கும் லட்சணமாகத்தான் இருந்தான்; வில்லங்கம் நிலத்தில். அவன் அம்மா மாரியாத்தாள் ஊரார் தோட்டங்களில் கூலிக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய மூன்று ஏக்கர் அது, அவிநாசிக்கு வடக்கே. பாறையும் மேடும் முள்ளுமாகக் கிடக்கும். ஊரில் கரடு என்பார்கள். அதில் குரும்பாடு என்னும் கம்பளி ஆடு மேய்த்தே அவன் நன்றாகச் சம்பாதித்தான். இருந்து என்ன, கரடு என்று காதில் விழுந்ததுமே பெண் வீட்டார் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

"கரடுன்னு எழுதுனா எவன் பொண்ணு குடுப்பான்? இங்கிலீசுல எழுது கண்ணு," என்றார் தரகர் ஆறுச்சாமி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பதை அவர் தொழில் தர்மமாகவே வைத்திருந்தார். பிரவினின் கூட்டாளி ஸ்டீவ் பயோடேட்டா தட்டிக் கொடுத்தான். அதில் 'மூன்று ஏக்கர், ரக்டு (rugged)' என்று இருந்தது.

"கரடுதான்டா. கேக்கறப்ப மட்டும் கம்பீரமா இருக்கும்," என்றான் ஸ்டீவ்.

எட்டாவது இடம் தொண்டாமுத்தூர். பெண் அன்புக்கரசி, கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. போட்டோ வந்த நாளிலிருந்து பிரவினுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைநழுவினால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணும் கூடவே வந்திருந்தாள்; ஆறுச்சாமிக்கு அதுவே பிடிக்கவில்லை. அவள் அப்பா மருதாசலம் தென்னந்தோப்பு மேஸ்திரி, மண்ணைப் பார்த்து மனிதனை எடை போடுகிறவர். காரைவிட்டு இறங்கியதும், "ஏனுங்க, அந்த ரக்டு பூமி எதுங்க?" என்றார்.

ஆறுச்சாமி அசரவில்லை. "ரக்டுன்னா மொதல் தரமுங்க," என்று பக்கத்துக்காரர் வாழைத் தோட்டத்தைக் கைகாட்டினார்.

மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. பிரவின் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெண் கிடைத்துவிடும். ஆனால் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். அவள் முதுகொடிந்து வாங்கிய நிலத்தை அவள் முன்னாலேயே இல்லை என்பதா? அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"அது எங்குளுது இல்லீங்க," என்றான். "எங்குளுது அந்தக் கரடுங்க. ரக்டுன்னாலும் அதேதானுங்க."

ஆறுச்சாமி தலையில் கைவைத்தார். மருதாசலம் பாறைகளைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார், பிறகு கார் நின்ற பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரியுமுங்கப்பா," என்றாள் அன்புக்கரசி. "பயோடேட்டா வந்த அன்னைக்கே லைப்ரரியில பெரிய அகராதி எடுத்துப் பாத்துப்போட்டேன். மொதல்ல அது பூமிக்குச் சொன்ன வார்த்தையே இல்லீங்க. வடக்க குளிர் நாட்டுக்காரங்க பேச்சுல இருந்து வந்துச்சாமா. சடைசடையா முடி தொங்கறதைச் சொன்னது. பின்னாடிதான் கல்லும் மேடுமா கெடக்கற பூமிக்குச் சொன்னாங்களாம்."

"நம்ம குரும்பாட்டுக்குத் தொங்குதே, அப்படிங்களா அம்மணி?" என்றாள் மாரியாத்தாள்.

"அதே மாதிரிதானுங்க அத்தை."

அத்தை என்றது பிரவினின் காதில் தேனாகப் பாய்ந்தது. மருதாசலத்தின் காதிலும் விழாமல் இல்லை.

"கரடுன்னு தெரிஞ்சும் ஏஞ்சாமி வந்தே?"

"நான் கல்லைப் பாக்க வரலீங்கப்பா. கேட்டா உள்ளதைச் சொல்ற ஆளான்னு பாக்கத்தான் வந்தேன்."

சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுக் கை நனைப்பது வழக்கமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரியாத்தாள் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, சோறு ஆக்கியாச்சுங்களா? எலையைப் போடுங்க, பசிக்குது."