மொட்டைமாடியில் மட்டம் பார்த்த மேசை

அண்ணன் வாயைத் திறந்தால் சவால்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவர்கள் இருந்த வீட்டைக் காலி செய்த அன்று, சாப்பாட்டு மேசையைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடப் பார்த்தான். தங்கை குறுக்கே நின்று தடுத்தாள். வார்த்தை தடித்தது.

"கால் இத்துப்போன மேசை. கட்டிக்கிட்டு அழு!"

"நீயே இதுல வந்து உக்காந்து சாப்பிடப்போற, பாத்துக்க!"

"விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தின டம்ளர் இதுமேல ஒரு சொட்டு சிந்தாம நிக்கட்டும். அன்னிக்கு சாப்பிடறேன்."

அதோடு சரி. அதற்கப்புறம் அவன் தங்கை வீட்டில் கை நனைக்கவில்லை. வருவான், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று நலம் விசாரிப்பான், போய்விடுவான். அவள் வெளியே வீறாப்பாகத் திரிந்தாலும் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. பிறந்த வீடு என்று சொல்ல இனி மிச்சமிருப்பது அவன் ஒருவன்தானே? மேசை சரியானால் அண்ணன் சாப்பிடுவான். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து சொல்பவர். மயிரிழை பிசகினாலும் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. வீட்டுக்குள் தூசி பறக்கவே கூடாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டதால் மேசை மொட்டைமாடிக்கு ஏறியது.

மேலே பச்சைப் பெயிண்ட். சுரண்டினால் அடியில் காப்பிக்கொட்டை நிறம். அதையும் சுரண்டினால், யார் ஆசைப்பட்டு அடித்தார்களோ, பளீரென்று ஒரு நீலம்.

"உங்க வீட்டுல இந்த மேசைக்கு அடிச்ச பெயிண்டுல ஒரு கப்பலுக்கே அடிச்சிருக்கலாம்" என்றார் அவர்.

"எங்க வீட்டைச் சொல்லாம உங்களுக்கு வேலை ஓடாதா?" என்றாள் அவள், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தபடி.

இருவரும் மாற்றி மாற்றித் தேய்த்ததில் ஒருவழியாக மரம் முகம் காட்டியது. தேன் நிறம், ஓடும் ரேகைகள். இத்தனை அழகை மூடிப் பெயிண்ட் அடித்த புண்ணியவான்கள் தன் வீட்டார்தான் என்பதை அவள் வெளியே சொல்லவில்லை. முதல் கை வார்னிஷில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. கணவர் முழுப் பலகையையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் அப்படித்தான்.

வருஷக்கணக்காகத் தரை துடைத்த ஈரத்தில் நான்கு கால்களும் அடியில் மக்கியிருந்தன. மக்கியதை அறுத்தெறிந்தார். பிறகு ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்து, அதிலிருக்கும் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு காலாக ராவினார். குமிழி நின்ற அன்று அவர் கீழே இறங்கி வந்த நடையைப் பார்க்க வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை மேசை கூடத்துக்கு வந்தது. அண்ணனும் வந்தான். கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குபவன். பலகையை விரலால் தடவினான். குறை எதுவும் அகப்படவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் டம்ளரை வைத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள்.

தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. பளபளத்த பலகைமேல் நூல் பிடித்தாற்போல் ஓடி, நேராக அண்ணன் மடியில் இறங்கியது.

கணவர் முகம் தொங்கிவிட்டது. "மாடியில கல்லு மாதிரி நின்னுது மச்சான்! குமிழி நடுவுல இருந்துது, சத்தியமா!"

"மாடியிலயா மட்டம் பாத்தீங்க?" அண்ணன் ஒரு கணம் அவரையே பார்த்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாப்பிள்ளை, மழைத்தண்ணி ஓடறதுக்காக மாடித் தரையை சரிவாத்தான் போடுவோம்! நீங்க அந்தச் சரிவுக்கு ஏத்த மாதிரி காலை அளந்து வெட்டியிருக்கீங்க!"

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. அது கீழே விழுவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"சிரிச்சது போதும். டம்ளர் சிந்தாம நிக்கணும்னுதானே சொன்ன? எந்த இடத்துலன்னு சொன்னியா? எந்திரி, மேசையைப் பிடி!"

வக்கீலிடம்கூடத் தப்பலாம், தங்கையிடம் முடியுமா? அண்ணன் ஒரு முனையைப் பிடித்துப் படியில் பின்பக்கமாக ஏறினான். "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா! மூலை சுவத்துல உரசுது! வார்னிஷ் போயிடும்!" பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடப் பார்த்த ஆள் இவன்தானா என்று பின்னால் சொம்போடு வந்த அவளுக்கே சந்தேகம் வந்தது.

மாடியில் வார்னிஷ் சொட்டியிருந்த அதே இடத்தில் மேசையை நிறுத்தினார்கள். அவள் ஊற்றினாள். விளிம்புக்கு மேலே தண்ணீர் சற்றே உப்பி நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

அண்ணன் குனிந்து, பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"எனக்கு இதைப் பாக்கவே முடியலடி. நாலு பேரு உக்காந்த இடம். அதான் தள்ளிவிட்டுடலாம்னு நெனச்சேன்."

"எனக்கு இதைப் பாக்காம இருக்க முடியல. அதான் சண்டை போட்டேன்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் இத்தனை நாள் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

"நீளமா இருக்கற ரெண்டு காலை மட்டும் இன்னும் கொஞ்சம்..." என்று கணவர் மேசைக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ரம்பத்தைத் தொட்டீங்க, அவ்வளவுதான்! குட்டைக் காலுக்குத் தக்கை வச்சா போதும். முதல்ல வெளிய வாங்க, பசிக்குது" என்றான் அண்ணன்.

சோறும் மற்றதும் மாடிக்கு ஏறின. அவள் பரிமாறினாள். இரண்டாம் தடவை அவள் கேட்கக்கூட இல்லை. அவனே தட்டை நீட்டினான்.