ஏற்றத்தில் நின்ற வேன்

கட்டிலும் அடுப்பும் வைத்த அந்தப் பழைய வேனை அவன் ஆசைப்பட்டு வாங்கி, தானே பார்த்துப் பார்த்துச் சரிசெய்திருந்தான். முதல் பயணத்துக்கு மனைவியோடு மாமியாரையும் அழைத்துக்கொண்டான். "ஓட்டல் எதுக்கு அத்தை, வீடே நம்மகூட வருது" என்று வழியெல்லாம் ஒரே பீற்றல்.

மலைச்சாலையின் பாதி ஏற்றத்தில் முன்பக்கம் குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வேன் நின்றது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தன. அவனுக்கு மானம் போயிற்று.

"உங்கம்மா ரெண்டு இரும்புப் பெட்டிய ஏத்தினா இப்படித்தான் ஆகும். இது வேனா, லாரியா?" என்று மாமியார் காதுபடவே மனைவியிடம் கத்தினான்.

மாமியார் இறங்கிப் போய்ச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்.

சூடு ஆறியதும் பார்த்தான். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கழன்று தொங்கியது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைக் காணோம். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது பைக்குள் அந்தக் கிளிப்பே விரலில் தட்டுப்பட்டது. காலையில் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தவன், நடுவில் போன் வர, கிளிப்பை பேன்ட் பையில் போட்டு மறந்திருந்தான்.

இப்போது எடுத்து மாட்டினால் இருவருக்கும் தெரிந்துவிடும். மறுபடி பைக்குள்ளேயே தள்ளினான். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயில் சுற்றி, ஜன்னல் திரைக் கம்பியை உருவி முறுக்கிக் கட்டினான். குடிதண்ணீர்க் கேனை மாமியாரே தூக்கிவந்து கொடுத்தார்.

"பரவால்லையே, கில்லாடிதான் நீங்க" என்றாள் மனைவி. அவன் நிமிரவில்லை.

இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. கட்டு விட்டுப்போய் மறுபடி ஆவி.

மாமியார் பின்கதவைத் திறந்து ஒரு பெட்டியைக் கீழே இழுத்தார். "இதுல பெருசா ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. போர்வையும் பாத்திரமும்தான். இங்கயே விட்டுட்டுப் போயிடலாம்."

அவனுக்கு உடம்பே கூசியது.

"வேணாம் அத்தை." கிளிப்பை எடுத்து நீட்டினான். "தப்பு என்மேலதான். காலையில மாட்ட மறந்துட்டேன். அப்பவே தெரிஞ்சும் சொல்லல."

மனைவி அவனையே பார்த்தாள். "எங்கம்மாவ அந்தப் பேச்சு பேசிட்டு, இத பையிலயா வெச்சிருந்தீங்க?"

"விடுடி. மறக்கறது யாருக்கும் சகஜம்தான்" என்றார் மாமியார்.

அவன் பள்ளத்தில் இறங்கி ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தான். கிளிப்பை மாட்டியதும் வேன் முனகாமல் ஏறியது.

"முன்னாடி வந்து உக்காருங்க அத்தை. காத்து நல்லா வரும்."

"இங்கயே வசதியாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

குரலில் கோபமே இல்லை. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு, மலை இறங்கும்வரை அவனுக்கு வரவில்லை.