பூட்டுக்குள் ஒரு தகடு

வெந்நீரில் நனைத்த துணியால் எவ்வளவு தேய்த்தும் மஞ்சள் கரு விடுவதாக இல்லை. டேஷ்போர்டிலும் சீட்டிலும் கதவிடுக்கிலும் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. அப்பாவின் முட்டை வண்டி நேற்றுக் காலை மழையில் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியதில், பின்னால் அடுக்கியிருந்த அட்டைகளில் பாதி கேபின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு முன்னால் வந்திருந்தன. கிரேன்காரர் வண்டியை நேராக அவனுடைய டிங்கரிங் பட்டறைக்கே இழுத்து வந்து விட்டார். மகன் பட்டறை வைத்திருக்கும்போது வேறெங்கே கொண்டுபோவார்.

ஸ்டியரிங் ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. அதில்தான் அப்பாவின் நெஞ்சு மோதியது. அதைப் பார்க்காமல் சீட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவனின் கை நின்றது. பெல்ட்டை மாட்டும் பூட்டில், பெல்ட் இல்லாமல், வெறும் இரும்புத் தகடு மட்டும் செருகியிருந்தது.

அது அவன் செய்து கொடுத்தது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது கடை. கடைக்குக் கடை இறங்கி ஏற வேண்டும். பெல்ட் போடாவிட்டால் வண்டி விடாமல் கத்தும்.

"வீட்டுல ஒண்ணு, வண்டியில ஒண்ணு. ரெண்டையும் தாங்க முடியலடா" என்று ஒருநாள் பட்டறைக்கே வந்து புலம்பினார்.

"வீட்டுல இருக்கறத என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு, உடைப்புக்கு வந்திருந்த ஒரு வண்டியின் பெல்ட்டிலிருந்து தகட்டை மட்டும் அறுத்தெடுத்தான். அப்பாவின் கையைக் கிழித்துவிடக் கூடாதே என்று ஓரத்தை அரத்தால் ராவினான். செருகியதும் வண்டி கப்சிப். அப்பா முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வரை அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

போன் அடித்தது. "உன்னத்தான் கேக்கறாரு. வந்துட்டுப் போ" என்றாள் அம்மா. தகட்டைத் தொடாமல் அப்படியே கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டே கேட்டாள். "பெல்ட்டு போட்டிருந்தீங்களா, இல்லையா?"

"போடலன்னா வண்டி கத்துமே" என்று அம்மா முந்திக்கொண்டாள். "மருமகன் வண்டியெல்லாம் கத்துது."

அப்பா மகனைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான். "கத்துச்சு. நான்தான் காதுல வாங்கல" என்றார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இல்லை, நான்தான் என்று சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நர்ஸின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்மா மருந்துச் சீட்டோடு கீழே போனதும் அப்பா மெல்லக் கேட்டார். "வண்டி உன்கிட்டதான இருக்கு?"

"பட்டறையிலதாம்பா."

"சீட்டு இடுக்கெல்லாம் நல்லா தொடச்சிடு. உங்கம்மா பாக்கறதுக்குள்ள."

"அப்பா, நான் வந்து..."

"போ. போய் வேலயப் பாரு."

போனான். அப்பா போகச் சொன்னார் என்பதற்காக மட்டுமல்ல. தகடு யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று அவனுக்கே அடித்துக்கொண்டது. பட்டறைக்கு வந்து முதல் காரியமாகத் தகட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அப்பாடா என்றிருந்தது. வளைந்த சேஸிஸை இழுத்து நிமிர்த்தச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள். அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. மணி மூன்றேகால். அப்பா சாகும்போது அவர் பக்கத்தில் இல்லாமல், தான் செய்த தகட்டை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். மழை விட்டபாடில்லை. வந்தவர்களெல்லாம் ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். மாமா சத்தமாகத்தான் பேசினார். "நல்ல மனுஷன்தான். ஆனா அலட்சியம் ஜாஸ்தி. ஒரு பெல்ட்ட இழுத்து மாட்ட எவ்வளவு நேரமாகும்?"

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா அழவில்லை. "என் நெனப்பு ஒரு துளி இருந்திருந்தா மாட்டியிருப்பாரு. வண்டி கத்துச்சாம், காதுல வாங்கலயாம். முப்பது வருஷமா என்கிட்டயும் அதே கததான்."

சட்டைப்பையில் தகடு கனத்தது. "அம்மா" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் நாலு நாற்காலி வேணுமே" என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். தப்பித்தோம் என்று நாற்காலி எடுக்கப் போனான். அப்படிப் போனதை நினைத்து அன்றிரவு தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று வாரம் அந்த வண்டியிலேயே கிடந்தான். சேஸிஸை இழுத்து நிமிர்த்தினான். ஸ்டியரிங்கை மாற்றினான். பானட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்தான். "வித்துட்டுப் போயேம்பா" என்று பெயிண்டர் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரும் பேசாமல் வெள்ளை அடித்துக் கொடுத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் தகடும் பை மாறியது.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி வண்டியிலேயே கிடந்தது. அதை வாங்கிப்போக அம்மா வந்தாள். டேஷ்போர்டு டப்பாவிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"அப்ப என்ன வீட்டுல விட்டுடு."

ஏறி ஸ்டார்ட் செய்தான். வண்டி கத்த ஆரம்பித்தது.

"என்ன சத்தம் இது?"

"பெல்ட்டு போடலன்னா கத்தும்மா."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இவ்வளவு கத்தியுமா அந்த மனுஷன் காதுல வாங்கல?"

அவன் பையிலிருந்து தகட்டை எடுத்துப் பூட்டில் செருகினான். சத்தம் நின்றது.

"கத்தலம்மா. இப்படித்தான் இருந்துச்சு. நான்தான் செஞ்சு குடுத்தேன். அப்பா என்னக் காட்டிக் குடுக்கல."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. பூட்டையே பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். தகடு எம்பி வந்தது. சத்தம் திரும்பவும் தொடங்கியது. தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"அரமெல்லாம் போட்டிருக்க" என்றாள்.

அதைக் கைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"வண்டிய எடு."

அவன் பெல்ட்டை இழுத்தான். பூட்டு அகப்படவில்லை. அம்மா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி கத்திக்கொண்டே இருந்தது.