இடது பக்கத்து அடுப்பு

மூடியைத் திறந்து வைத்த கேஸ் அடுப்பின் முன்னால் நின்று, கல்லின் மேல் இல்லாத சாசேஜ்களை இடது கையால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் டெஸ்மண்ட். கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஊர்க் கால்பந்து கிளப்பில் இருபத்து மூன்று வருடமாக ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைதோறும் சாசேஜ் சுடுகிறவர் அவர்தான். பழைய அடுப்பு அடியோடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் கமிட்டி அவரைக் கூப்பிட்டு, புதியதை நீயே பார்த்து எடு என்றது. அன்றிலிருந்து அளவு நாடாவும் கையுமாக மூன்று ஊர்க் கடைகள் ஏறி இறங்கிவிட்டார். ஆறு பர்னர், பாதி கல், பாதி கம்பி. வெங்காயம் வதக்கத் தனியாக ஒரு சின்ன அடுப்பு, அதுவும் இடது பக்கத்தில். இடக்கைக்காரனுக்கு அது அமைவது லேசில்லை. கடைசியில் இங்கே அமைந்தே விட்டது.

கூட வந்திருந்த லின்சே கிளப் தலைவர். அதைவிட, பள்ளி நாள் முதல் சிநேகிதர்.

"சின்ன அடுப்பு வலது பக்கம் இருக்கிற மாதிரி எடுப்போமே," என்றார் லின்சே.

"எனக்கு எதுக்குடா வலது பக்கம்?"

"பொதுவா சொன்னேன். எல்லாருக்கும் வசதியா இருக்கணும்ல."

"எல்லாரும் வந்து சமைக்கப் போறாங்களாக்கும்! இத்தனை வருஷத்துல என் இடுக்கியை எவன்டா தொட்டிருக்கான்?"

லின்சே அடுத்த வரிசைக்குப் போய், இடுப்புக்கு மேல் நின்ற ஓர் அடுப்பைத் தட்டிக் காட்டினார். "இந்த உயரம் தேவலை மச்சான். குனிஞ்சு நின்னா முதுகு போயிடும்."

டெஸ்மண்டின் உயரம் ஐந்தடி நான்கங்குலம். எந்த அடுப்புக்கும் அவர் குனிந்ததே கிடையாது. கிளப்பில் குனிந்து நிற்க வேண்டிய ஆள் ஒருவன்தான். ஆறரை அடி பிரேடன், லின்சேயின் மருமகன், சீசன் தொடங்கும் முன்பே முட்டியை உடைத்துக்கொண்டவன்.

"பிரேடனுக்கா?"

லின்சே விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வருஷம் அவனால ஆட முடியாதுடா. சும்மா உக்காந்தா கிளப்பை விட்டே போயிடுவான்னு என் பொண்ணு அழறா. அடுப்பை அவன்கிட்ட விடறதுன்னு கமிட்டியில பேசி முடிச்சோம்."

"எப்போ?"

"ஈஸ்டருக்கு முன்னாடி."

"அப்புறம் எதுக்குடா என்னைக் கடை கடையா அலைய விட்டே?"

"உன்னைவிட அடுப்பு தெரிஞ்சவன் நம்ம ஊர்ல யாரு? கோவிச்சுக்காத. சாஸ் மேசை எப்பவும் உன்னோடதுதான்."

சாஸ் மேசை. தக்காளி சாஸ் புட்டியை நீட்டிக்கொண்டு காகிதக் கைக்குட்டை எண்ணுகிற வேலை. லின்சேயின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருந்தது இந்தக் கைதான். நேராக வந்து சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு டெஸ்மண்டே இடுக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். சொல்லவில்லையே, பாவி.

உயரமான அடுப்பைத்தான் வாங்கினார்கள். பெட்டியை ஏற்ற டெஸ்மண்டின் வண்டிதான் தோதாக இருந்தது. பூட்டித் தர ஸ்பேனரும் அவரிடம்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கிளப் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கடைசித் திருகுவரை முடுக்கினார். வெங்காய அடுப்பை வலது பக்கமே மாட்டினார்.

கல்லைப் பழக்குவது ஒன்றுதான் பாக்கி. துருப்பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் கல்லின் மேல் கிரீஸ் மாதிரி ஒரு பசை தடவி அனுப்புவார்கள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் புகைய விட வேண்டும். ஒருமுறை போதாது, மூன்று முறை. சமைத்தவனுக்குத் தெரியும், வரிசையில் நின்று தின்றவனுக்குத் தெரியாது. டெஸ்மண்ட் வீட்டிலிருந்தே வெங்காயம் கொண்டுவந்திருந்தார். அதை நறுக்கியபோது வாசலில் லின்சே.

"நாளைக்கு ரெடியாடா?"

டெஸ்மண்ட் கையிலிருந்த பாதி வெங்காயத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரெடி."

"நீ தங்கம்டா," என்று முதுகில் தட்டிவிட்டு லின்சே போனார். டெஸ்மண்ட் கழுவாத கல்லின் மேல் மூடியை இறக்கினார்.

சனிக்கிழமை டெஸ்மண்ட் சாஸ் மேசைக்குப் போகவில்லை. சாசேஜ் வாங்க உள்ளங்கையில் ஒரு ரொட்டித் துண்டை ஏந்தியபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் நின்றார். அவரைப் பார்த்தவர்கள் சட்டென்று ஆடுகளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

பிரேடன் ஆறு பர்னரையும் முழுசாகத் திருகிவிட்டு நாற்பது சாசேஜைக் கொட்டினான். நீலமாகப் புகை கிளம்பியது. இறைச்சி வாசனை இல்லை, மெக்கானிக் கடை வாசனை. தலைவர் என்ற முறையில் முதல் சாசேஜ் லின்சேக்குப் போனது. கடித்தார். மெல்லுவது மெதுவாகி நின்றது. துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் அவர் டெஸ்மண்டைத் தேடினார். கண்டதும் அவர் முகம் மாறியது.

"டெஸ்மண்ட் அங்கிள்!" பிரேடன் எல்லாத் தலைகளுக்கும் மேலாகக் கத்தினான். முகம் வெளுத்திருந்தது, முட்டிக்கட்டோடு நிற்க முடியாமல் ஒரு காலில் சாய்ந்திருந்தான். "நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன் போல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

இடுக்கியை வலது கையால் நீட்டிக்கொண்டு நின்றான். வரிசை இரண்டாக விலகி வழிவிட்டது. டெஸ்மண்டின் இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. நேற்றைய வெங்காயம் அங்கே வதங்கிக் கிடக்க, விரல்கள் அதன் அடுக்குகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தன.