சட்டைப் பை உயரம்

மணிமுத்தாறு அடிவாரக் காடு எவ்வளவு கார்பனைச் சேமிக்கிறது என்று ஆராயும் கல்லூரி ஆசிரியை சங்கரிக்காக, காசிலிங்கம் ஆண்டுதோறும் மரங்களின் சுற்றளவை எடுத்துக் கொடுத்தார். எல்லா மரத்திலும் தன் சட்டைப் பை உயரத்தில்தான் டேப்பைச் சுற்றுவார். அந்தப் பைக்கு வேறு உபயோகம் இருந்ததில்லை.

மூன்று வருஷமாக மழை இல்லை. ஆனாலும் இந்த முறை எல்லா மரமும் பருத்திருந்தது.

"காடு பொழச்சிக்கிடும் போலிருக்கே, அண்ணாச்சி!" என்றாள் சங்கரி.

காசிலிங்கம் உசிலை மரத்தைப் பார்த்தார். அளவெடுக்கும் உயரத்தைக் குறிக்க முதல் வருஷம் அடித்த பெயிண்ட் கோடு, மங்கிப்போய், அவர் மூக்குக்கு நேரே இருந்தது. முதுகுத்தண்டு நோய் அவரைக் கொடுக்காப்புளி மாதிரி வளைத்து, பையை ஒரு சாண் கீழே இறக்கியிருந்தது. அடிமரம் எப்போதும் பருமன்தான்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் சாகிற காடு காகிதத்தில் கொழுக்கும்.

"மரம் பருக்கல டீச்சர். நாந்தான் குட்டையாயிட்டேன்."

சங்கரி சிரித்தாள். பிறகு அவர் காட்டிய கோட்டில் தானே டேப்பைச் சுற்றினாள். மரம் காய்ந்து சுருங்கி, முதல் வருஷ அளவைவிடக் குறைவாக இருந்தது.

"எத்தன மரம் இப்படி?"

"எல்லாந்தான்."

டேப்பை அவள் திருப்பித் தரவில்லை. அடுத்த மரத்துக்கு நடந்தாள். காசிலிங்கம் வெறுங்கையோடு பின்னால் போனார்.